கேம்பர் வண்டி: மூடி வைப்பதா, திறந்தே விடுவதா?

கேம்பர் வண்டி, அதாவது உள்ளேயே தூங்கிச் சமைத்துப் பயணம் போகும் வண்டி, ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கொட்டகை இல்லாமல் மாதக்கணக்கில் வெளியே நிறுத்த வேண்டியிருந்தால், மேலே ஒரு கவர் போடலாமா என்ற கேள்வி வந்துவிடும். கவர் விற்பவர் கட்டாயம் போடச் சொல்வார். வண்டியோடு பழகிய சிலரோ, கவர் போட்டதால்தான் கெட்டது என்று சத்தியம் செய்வார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் மனதில் வெயில் இருக்கிறது, மற்றவர் மனதில் காற்றும் ஈரமும்.

வெயிலை முதலில் பார்ப்போம், பெரும்பாலான சேதம் அங்கே தொடங்குவதால். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு ரப்பர் கூரையின் மேல்தோல் வெள்ளைப் பொடியாக உதிரும். மழை பெய்யும்போது பக்கச்சுவர்களில் வெள்ளைக் கோடுகளாக வழிவது அந்தப் பொடிதான். ஃபைபர் கிளாஸ் உடம்பாக இருந்தால் ஜெல்கோட் என்னும் பளபளப்பான மேற்பூச்சு மங்கி, கையால் தடவினால் மாவு போல ஒட்டும். கூரைத் துவாரங்களின் பிளாஸ்டிக் மூடிகள் நொறுங்கும் பதத்துக்கு வரும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதம். இதைவிட மோசமானது, தண்ணீர் புகாமல் இருக்க இணைப்புகளில் பூசியிருக்கும் பசையான சீலன்ட் காய்ந்து, சுருங்கி, மயிரிழை அளவுக்கு விரிசல் விடுவது. அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் இருக்கும் மெல்லிய பிளைவுட்டை ஊறவைக்கும். வெளித்தகடு கொப்புளம் போலப் புடைத்துக்கொண்டு வரும்போதுதான் விஷயமே தெரியவரும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் பல கவர் வாங்கலாம்.

இதுவரை படித்தால் கவர் போடுவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். எந்தக் கவர் என்பதில்தான் சிக்கல்.

தார்ப்பாய்

விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கயிறு போட்டு ஒரு மணி நேரத்தில் கட்டிவிடலாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாலிஎதிலீன் தார்ப்பாய்க்குள் காற்று போக வழியில்லை. பகலில் சூடேறி, இரவில் குளிரும்போது அடிப்பக்கம் முழுவதும் நீர் வியர்த்து நிற்கும். அது வெளியேற இடமில்லாமல் கூரை மேலும், ஜன்னல் ஓரங்களிலும், திரைச்சீலைகளிலும் பூஞ்சையாக மாறும். மழையை வெளியே நிறுத்தி ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த கதை. போதாததற்கு அதன் கண்ணிகளில் கட்டிய கயிறு காற்றில் இழுபட்டு வண்டியின் விளிம்புகளை அறுக்கும். கூரையில் ஒழுக்கு கண்டுபிடித்து, சரிசெய்யும் வரை சில நாட்கள் தற்காலிகமாகப் போட்டுவைப்பது வேறு விஷயம். அதற்கு மட்டும் தார்ப்பாய் சரி.

அளவெடுத்துத் தைத்த துணிக் கவர்

பல அடுக்கு பாலிபுரொப்பிலீன், பாலியஸ்டர், சாயம் நூலிலேயே ஏற்றிய அக்ரிலிக் என்று பல வகை உண்டு. பொதுக் குணம் ஒன்றுதான்: மழையைத் தடுத்துக்கொண்டே உள்ளிருக்கும் ஈர ஆவியை ஓரளவு வெளியே விடும். கூரைக்கும் சீலன்டுக்கும் இது தரும் நிழல் உண்மையான பாதுகாப்பு. மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்குப் பிசின், பறவை எச்சம், மக்கும் இலை மூன்றிலிருந்தும் விடுதலை.

ஆனால் காற்று என்று ஒன்று இருக்கிறது. தொளதொளவென்று தொங்கும் கவர் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். துணிக்கும் வண்டிக்கும் நடுவே தூசி சிக்கியிருந்தால் அது உப்புத்தாள் கொண்டு விடாமல் தேய்ப்பதுபோல வேலை செய்யும். பெயின்ட் மங்கும், அக்ரிலிக் ஜன்னல்கள் நிரந்தரமாகக் கீறிப்போகும். மறுபக்கம், மழைநீர்க் குழாயின் முனை, ஏணி, ஆன்டெனா, ஆனிங் எனும் மடக்கு நிழற்பந்தலின் கைகள் எல்லாம் துணியைக் குத்திக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கூர்மையான இடம் ஒவ்வொன்றுக்கும் ஃபோம் குழாயோ பழைய துணியோ சுற்றிவிட்டு, பட்டைகளை வண்டிக்கு அடியில் குறுக்காக இழுத்துக் கட்டினால்தான் கவர் தன் வேலையைச் செய்யும். வண்டியைக் கழுவி, முழுக்கக் காயவிட்டுத்தான் போட வேண்டும். அழுக்கோடும் ஈரத்தோடும் மூடுவதற்கு, மூடாமலே இருக்கலாம்.

எலிக்கும் குளவிக்கும் கவருக்கு உள்ளே இருக்கும் இருட்டு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையில் சோலார் தகடு இருந்தால் கவர் போட்ட நிமிடமே அது செத்த மாதிரி. கேஸ் கசிவைக் காட்டும் கருவி போன்ற சின்னச் சின்னச் சாதனங்கள் ஓசையில்லாமல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலியான லெட் ஆசிட் பேட்டரி, உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து ஓடு விரிந்துவிடும். நிரம்பிய பேட்டரிக்கு அந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. மூடுவதென்றால் இணைப்பைக் கழற்றி வையுங்கள், அல்லது வெளியிலிருந்து சார்ஜ் கொடுங்கள். மூடியிருக்கும் வண்டிக்குள் கேஸ் அடுப்பு, ஹீட்டர், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எதையும் பற்றவைக்கவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சுவாயு மறுபுறம்.

ஒன்றும் போடாமல் விடுவது

சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். காற்று ஓயாமல் அடிக்கும் இடம், ஈரம் காயாத இடம், மாதம் ஒருமுறையாவது வண்டியை எடுக்கும் ஆள் என்றால் இதுவே நல்ல வழி. மழை வண்டியைக் கழுவும், காற்று காயவைக்கும். கூரைத் துவாரத்துக்கு மேல் மழைத்தடுப்பு மூடி ஒன்றைப் பொருத்தினால், துவாரத்தைச் சற்றுத் திறந்தே வைக்கலாம், உள்ளே காற்று ஓடும்.

விலையில்லாமல் கிடைப்பதில்லை இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, சீலன்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜெல்கோட்டுக்கு மெழுகு பூச வேண்டும். ரப்பர் கூரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பெட்ரோலியம் கலந்த எந்தக் கிளீனரும் அதன் பக்கத்தில் வரக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். இதைச் செய்யமாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால் கவர் வாங்கிவிடுங்கள்.

கவர் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறையும் இங்கேதான். மூடிய வண்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே ஒழுக்கு இருந்தால் அது கவருக்குள் நிதானமாக, யார் தொந்தரவும் இல்லாமல் வளரும்.

நடுவழியாகக் கூரைக்கு மட்டும் போடும் கவர் இருக்கிறது. வெயில் நேரடியாக விழும் இடத்தை மறைத்துச் சுவர்களை விட்டுவிடும், உரசலும் குறைவு. காற்றுள்ள ஊருக்கு இது ஒத்துவராது, கீழே பிடித்துக்கொள்ள அதற்கு அதிகம் இல்லை. பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகை எல்லாவற்றையும்விட மேல். நிழலும் உண்டு, காற்றோட்டமும் உண்டு, உடம்பில் எதுவும் உரசுவதில்லை. இடமும் பணமும் இருந்தால் மேலே சொன்ன பட்டிமன்றமே தேவையில்லை. சாய்ந்து வரும் காலை, மாலை வெயில் மட்டும் பக்கச்சுவரில் படும்.

டயர் விஷயத்தில் மட்டும் எந்தப் பக்கமும் சாய வேண்டாம். முழுக் கவர் போட்டாலும் பல நேரம் அது டயரின் கீழ்ப்பாதி வரை வருவதில்லை. பக்கவாட்டு ரப்பர் வெயிலில் வெடிப்பதைத் தடுக்கத் தனி டயர் உறை மலிவாகக் கிடைக்கிறது. வண்டியை மூடினாலும் மூடாவிட்டாலும் அதைப் போடுங்கள். கேம்பர் டயர்கள் பூ தேய்வதற்கு முன்பே வயதாகிப் போவதால் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள்தான் அது: 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம்.

வெயில் கொளுத்தும், காற்று அடங்கிய இடத்தில் நான்கைந்து மாதம் அசையாமல் நிற்கும் வண்டி என்றால் தைத்த துணிக் கவருக்கே என் ஓட்டு. வாங்கும்போது கதவு இருக்கும் பக்கம் ஜிப் வைத்ததாகப் பாருங்கள். ஏணியையும் பின்னால் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து நீளம் அளந்துகொள்ளுங்கள். ஜிப் எதற்கென்றால், பலத்த மழை பெய்த மறுநாள் உள்ளே போய், கூரையின் மூலைகளையும் அலமாரிகளின் பின்பக்கத்தையும் கையால் தடவிப் பார்ப்பதற்கு. எங்காவது ஈரம் பட்டால் கவரைக் கழற்றிவிட்டுச் சீலன்ட் வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான்.