சூடேறியும் 800-க்கு இறங்காத ஐடில்: லட்சம் கிலோமீட்டர் கடந்த ஒரு டீசல் காரின் அனுபவம்

இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றிய பிறகு இந்த வண்டியின் ஐடில், அதாவது பெடலில் கால் வைக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், மறுபடியும் 800-ல் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. 1.5 லிட்டர் காமன் ரெயில் டீசல், ஓடியது லட்சம் கிலோமீட்டருக்கு மேல். இந்த மாடலை வாங்கலாமா என்று ஒரு நண்பர் விசாரித்தார். இழுவை, மைலேஜ், கியர் விழும் விதம் எல்லாம் விசாரிப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. இங்கே பேச்சு ஒன்றைப் பற்றித்தான்: நன்றாகச் சூடேறிய பிறகும் 880, 900 என்று இறங்காமல் நின்ற அந்தக் கூடுதல் 80–100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுற்று). "நூறுதானே சார், ஓட்டுங்க" என்ற பதில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும். ஓட்டலாம்தான். ஆனால் டீசலில் அந்த நூறு காரணமில்லாமல் ஏறுவதில்லை.

மீட்டர் முள்ளை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. முள்ளில் 50 ஆர்பிஎம் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறைப் படிக்க டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இணைப்பு) ஒரு சாதாரண புளூடூத் ஸ்கேனரைச் செருகி லைவ் டேட்டாவில் படிக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடி வந்த வண்டி, நியூட்ரல், ஏசி நிறுத்தியது, லைட் அணைத்தது. அப்போது வரும் எண்தான் உண்மையான ஐடில். நாலு சிலிண்டர் டீசல் கார்கள் பெரும்பாலும் 750-க்கும் 850-க்கும் இடையில் நிற்கும். உங்கள் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

அடுத்து பெட்ரோல் வண்டிப் பழக்கத்தை மறக்க வேண்டும். பெட்ரோலில் இன்டேக் பக்கம் காற்று கசிந்தால் ஐடில் ஏறும். த்ராட்டில் பாடியைக் கழுவினால் பல நேரம் இறங்கும். டீசலில் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று அல்ல, எரிபொருள். இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்தால் புகை வரும், இழுவை போகும், ஐடில் ஏறாது. சில டீசல்களில் இருக்கும் த்ராட்டில் ஃபிளாப், இஜிஆருக்கு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) உதவவும் வண்டி குலுங்காமல் அணையவும் வைத்தது. அதை ஸ்பிரே அடித்துக் கழுவிவிட்டு ஐடில் இறங்கும் என்று காத்திருப்பது வீண்.

ஐடில் ஏறியிருக்கிறது என்றால் கூடுதலாக ஏதோ எரிகிறது. அதை இசியூவே (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கேட்டு வாங்குகிறதா, இல்லை அதன் கட்டுப்பாட்டை மீறி உள்ளே வருகிறதா? இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். கம்பெனி அளவு விவரம் காட்டும் ஸ்கேனரில் இலக்கு ஐடில், உண்மை ஐடில் என இரண்டு எண்களும் தெரியும். இலக்கு 900, உண்மையும் 900 என்றால் இன்ஜின் சொன்னதைச் செய்கிறது. இசியூ ஏன் 900 கேட்கிறது என்று தேட வேண்டும். இலக்கு 800, உண்மை 900, இன்ஜெக்‌ஷன் அளவோ சுழியத்தை ஒட்டி இருக்கிறது என்றால் அது வேறு வியாதி, ஆபத்தானதும்கூட. அதைப் பிறகு சொல்கிறேன்.

இசியூ கேட்கும் காரணங்கள் அதிகமில்லை. பேட்டரி வலுவிழந்து வோல்ட்டேஜ் இறங்கினால், ஆல்டர்னேட்டர் கூடுதலாகத் தர வேண்டும் என்பதற்காகப் பல இசியூக்கள் ஐடிலை ஏற்றும். ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும் (ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் மட்டும் இது ஏறி இறங்கும்). டிபிஎஃப் (புகையில் இருக்கும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போதும் ஐடில் கொஞ்சம் ஏறும். ரேடியேட்டர் ஃபேன் இரைச்சலாக ஓடும், சைலன்சர் பக்கம் சூடு வாடை அடிக்கும், சிறிது நேரத்தில் தானே இறங்கிவிடும். அது கோளாறு அல்ல. தினமும் நடந்தால்தான் கோளாறு.

ஆக்சிலரேட்டர் பெடலையும் பார்த்துவிட வேண்டும். காலை எடுத்த நிலையில் லைவ் டேட்டாவில் பெடல் நிலை அசையாமல் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஒன்றின் வோல்ட்டேஜ் மற்றதில் பாதியாக இருக்கும். பெடலை மெல்ல மிதித்து மெல்ல விடும்போது அந்த விகிதம் மாறக் கூடாது. தேய்ந்த பெடல் பெரும்பாலும் இப்படிச் சின்னதாக ஏற்றாது. இசியூ நம்பிக்கை இழந்து 1,200-க்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்திவிடும், வார்னிங் லைட்டும் எரியும். அதற்கெல்லாம் முன்னால் கால்மிதி பெடலைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சம் இருப்பது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூடு. இந்த வண்டியில் குற்றவாளி அதுதான்.

இன்ஜின் குளிர்ந்திருந்தால் இசியூ ஐடிலைக் கூட்டி வைக்கும். சூடேற ஏறக் குறைக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றி 64, 68 டிகிரியிலேயே நின்றுவிடும். இசியூவின் கணக்கில் வண்டி இன்னும் சூடாகவில்லை. ஐடில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சூட்டில் பல வண்டிகளில் டிபிஎஃப் சுத்தம் தொடங்கவே தொடங்காது, கரி சேர்ந்துகொண்டே போகும். மைலேஜ் குறையும், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். பி0128 என்ற பழுதுக் கோட் இதற்காகவே உண்டு. ஆனால் அது விழ இசியூவுக்கு நிபந்தனைகள் பல. குறுகிய ஓட்டத்தில் மாதக்கணக்கில் விழாமலே போகலாம்.

சென்சாரா தெர்மோஸ்டாட்டா என்று பிரிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் திருப்பினால் கூலன்ட் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பத்து டிகிரி தள்ளி நின்றால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரில் வழக்கமான சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். அது சரி என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்குக் கை போகாமல். கூலன்ட் 80-ஐத் தாண்டும் வரை அந்த ஹோஸ் சில்லென்றே இருக்க வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து அதுவும் மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் இன்ஜின்களில் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

மாற்றுவது முழுக்க ஆறிய இன்ஜினில் மட்டும். கூலன்ட் ஊற்றும் மூடியைச் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். கூலன்டை வடித்து, ஹவுசிங்கைக் கழற்றி, பழைய ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டுப் புதியது வையுங்கள். ஹவுசிங் பிளாஸ்டிக் என்றால் எம்6 போல்ட்டை 8–10 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் விரிசல் விழும். புது தெர்மோஸ்டாட்டின் மேல் திறக்கும் சூடு பொறித்திருக்கும். மாட்டும் முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு அந்தச் சூட்டில் திறக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் எடுக்கும் திருகைத் திறந்து, குமிழ் நிற்கும் வரை ஊற்றி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை ஓட விட வேண்டும். ஏர் உள்ளேயே தங்கிவிட்டால் சென்சார் தப்பான சூட்டைக் காட்டும், வேலை முடிந்தும் ஐடில் ஆடும். தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றிப் போடுபவர்களும் உண்டு. அது இதே வியாதியைக் கைக்காசு கொடுத்து வாங்குவது.

இனி அந்த ஆபத்தான வகை. இசியூ குறைக்கச் சொல்லியும் ஐடில் இறங்கவில்லை என்றால், டர்போ சீல் வழியாகவோ இன்ஜின் மூச்சுக் குழாய் வழியாகவோ ஆயில் உள்ளே வந்து எரியலாம். இன்ஜெக்டர் முனை ஒழுகலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா, இன்டர்கூலர் ஹோஸுக்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இதை வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒருநாள் சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்காமல் ரேஸ் ஆகலாம். மேனுவல் வண்டி என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் கேபிள் தொய்வையும் கோல்டு ஸ்டார்ட் இணைப்பு முழுக்கத் திரும்புகிறதா என்பதையும் பார்த்த பிறகே ஐடில் திருகைத் தொட வேண்டும்.

இந்த வண்டியில் இப்போது கூலன்ட் 88–91, ஐடில் 800. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த அளவில் இதைவிட நல்ல டீசல் கிடைப்பது கடினம். ஆனாலும் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் இல்லை. இருப்பது ஒரு நீல விளக்கு. 60 டிகிரி வருவதற்குள் அணைந்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடுகிறது. 66 டிகிரியில் மாதக்கணக்கில் ஓடிய இன்ஜினுக்கு அது செய்தது துரோகம். ஒரு முள் வைத்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். விசாரித்த நண்பருக்கு இந்த மாடல் வேண்டாம் என்றே பதில். இதே இன்ஜின் முள்ளோடு வரும் வண்டி எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.