பேரிடர் வரைபடம்: யாருடையதை நம்பி இறங்குவது?

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியை நிலநடுக்கம் குலுக்கியபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு உருப்படியான தெரு வரைபடம் இணையத்தில் இல்லை. அந்நாட்டு வரைபட நிறுவனத்தின் கட்டடமே இடிந்து போயிருந்தது. அப்போது இரண்டு கூட்டங்கள் வெளியூர்களில் உட்கார்ந்து அந்த நகரத்தை வரையத் தொடங்கின. ஒன்று யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இன்னொன்று கூகுள் வரைபடத்தில் மக்களே தெருக்களைச் சேர்க்க உதவிய மேப் மேக்கர். இரண்டிலும் வரைந்தவர்கள் காசு வாங்காத தன்னார்வலர்கள்தான். ஜியோஐ, டிஜிட்டல்குளோப் போன்ற நிறுவனங்கள் அவசரத்துக்காகத் திறந்துவிட்ட செயற்கைக்கோள் படங்கள் இந்த வேலைக்குக் கைகொடுத்தன.

வரைந்ததை வெளியே எடுப்பதில்தான் இரண்டும் பிரிந்தன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் இறக்கிக்கொள்ளலாம். மீட்புக் குழுக்கள் அதைக் கார்மின் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு, இணையமே இல்லாத தெருக்களில் நடந்தன. மேப் மேக்கரில் வரைந்தது கூகுளின் கணக்கில் சேர்ந்தது. ஐநா அமைப்புகளுக்கு கூகுள் அதைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் கொடுப்பதா, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அதன் முடிவு. இதில் எரிச்சலான விஷயம், ஒன்றில் இருந்த தெரு இன்னொன்றில் விடுபட்டிருந்தாலும், உரிம விதிகள் ஒத்துவராததால் இரண்டையும் ஒன்றாக இணைக்க முடியவில்லை. தெரு என்னவோ ஒன்றுதான்!

2012இல் உலக வங்கி மேப் மேக்கரோடு கைகோத்தபோது வரைந்த தரவு யாருக்குச் சொந்தம் என்ற இதே கேள்வி மறுபடி எழுந்தது. எதிர்ப்பு வந்ததும், மக்கள் சேர்த்த வரைபடத் தரவு மக்களுக்கே திறந்திருக்க வேண்டும் என்று வங்கி விளக்கம் தந்தது. 2017இல் மேப் மேக்கரே மூடப்பட்டது. என் ஓட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குத்தான்.

சரி, எந்தப் படத்தைப் பார்த்து வரைவது? அது பேரிடரைப் பொறுத்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் எப்போதும் இலவசம், ஆனால் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீட்டர். குடிசைகளை எண்ண அது உதவாது. வெள்ளம் என்றால் அதன் உறவான சென்டினல்-1 மேலானது. ரேடார் என்பதால் மேகத்தைத் தாண்டியும் தண்ணீர் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும். வீடு வீடாக வரைய மேக்சார் (முன்பு டிஜிட்டல்குளோப், 2025 முதல் வான்டர்) போன்ற வணிக நிறுவனங்களின் அரை மீட்டர் அளவுப் படங்கள் வேண்டும். மேக்சார் 2017 முதல் பெரிய பேரிடர்களுக்கு இவற்றைத் திறந்துவிட்டது. எந்தப் பேரிடருக்கு, எந்தப் பகுதிக்கு என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கும். சின்ன ஊர் என்றால் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களை, வான்படங்களைத் திறந்து பகிரும் தளமான ஓப்பன்ஏரியல்மேப்பில் ஏற்றிவிடலாம்.

இஸ்ரோவும் உறுப்பினராக உள்ள சர்வதேச பேரிடர் சாசனம் வேறு வகை. விண்வெளி அமைப்புகள் படங்களைக் கொடுக்க, நிபுணர்கள் அலசி, சேத வரைபடமாகத் தருவார்கள். மூலப் படம் பெரும்பாலும் நம் கைக்கு வராது. ஆனாலும் சேதக் கணக்குக்கு நான் தன்னார்வலர்களைவிட இவர்களையே நம்புவேன். 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலுக்குப் பின், தன்னார்வலர்கள் குறித்த வீட்டுச் சேதத்தைக் களத்தோடு ஒப்பிட்டபோது பிழைகள் நிறைய இருந்தன. மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும். சுவர் விரிசல் தெரியாது.

தன்னார்வலர்களின் பலம் சாலையும் கட்டடமும் எங்கே இருக்கின்றன என்று குறிப்பதில். அதையும் முன்கூட்டியே செய்துவிட்டால் இன்னும் நல்லது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்கு முன்பே காத்மாண்டு லிவிங் லேப்ஸ் அமைப்பினர் காத்மாண்டு பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெயரோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்திருந்தார்கள். அதனால் நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகெங்கும் இருந்து இணையத்தில் வரைய வந்த தன்னார்வலர்களைத் தொலைவில் இருந்த மலைக் கிராமங்கள் பக்கம் திருப்பிவிட முடிந்தது.