கொல்லைக் கோழிக்கூடு: சில ஆண்டுகள் புழங்கிய பிறகு

கடையில் ஆயத்தமாக வாங்கும் கூட்டின் அட்டைப்பெட்டியில் எத்தனை கோழிக்கு என்று போட்டிருக்கிறதோ, அதைப் பாதியாக்கிப் படியுங்கள். என் மரக்கூட்டுக்குப் பத்து என்று போட்டிருந்தது. ஐந்து பெட்டைகளை விட்டேன், இன்றுவரை ஐந்துதான். கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே வலையடைப்பில் 8 முதல் 10 சதுர அடி என்பது பரவலான கணக்கு. அதற்கும் குறைத்து நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கத் தொடங்கும். எல்லோரிடமும் கொத்து வாங்கும் கோழிக்கு ஒதுங்க ஒரு மூலை வேண்டாமா?

புதிதாக வளர்ப்பவர்கள் கூட்டைப் பகலில் பார்த்து வாங்குகிறார்கள். கோழிக்கோ அது இரவுக்கான இடம். பகலில் முட்டையிட உள்ளே போகும், வேலை முடிந்ததும் கொக்கரித்துக்கொண்டே வெளியே வந்துவிடும். நான் செய்த மாற்றங்களில் உருப்படியானவை எல்லாம் கோழி அடைந்த பிறகு உள்ளே நடப்பதை வைத்துச் செய்தவைதான். கூட்டோடு வந்த குட்டி ஜன்னல் கதவும் பூந்தொட்டிப் பலகையும் நமக்காக வைத்தவை, கோழிக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதல் மாற்றம், கோழி இரவில் ஏறி அடையும் கட்டைக்குக் கீழே ஒரு எச்சத் தட்டு. கோழி தூக்கத்திலும் எச்சமிடும். கூட்டுக்குள் விழுவதில் பெரும்பகுதி அந்தக் கட்டைக்கு நேர் கீழேதான். அங்கே வழுவழுப்பான பலகை ஒன்றைச் செருகி, மேலே கொஞ்சம் மணல் பரப்பிவிட்டேன். காலையில் பட்டி பார்க்கும் தகட்டால் ஒரு வழி வழித்தால் முடிந்தது. தரைக் கூளம் அழுக்காவது பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். சிலர் அந்தத் தட்டில் சாம்பல் போடச் சொல்வார்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது, ஈர எச்சத்தோடு சேர்ந்தால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். சாம்பலைக் கோழி மண்குளியல் போடும் தொட்டியில் கொட்டுங்கள், அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

கட்டை விஷயத்தில், கூட்டோடு வந்த மெல்லிய உருளைக் கம்பைக் கழற்றிவிட்டு, 2 அங்குல அகலச் சட்டம் ஒன்றை முனைகளை இழைத்துப் போட்டேன். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல நீளம் விட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கால் வழுக்கும். கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருப்பது அவசியம். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி மேலே இருந்தால் அதில் போய்த் தூங்கி, காலையில் முட்டையெல்லாம் எச்சமாகிவிடும். படிப்படியாக ஏணி மாதிரி கட்டை வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் மேல்படிக்கு நடக்கும் சண்டை தினமும் தீராது. ஒரே உயரத்தில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயத்தக் கூடுகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை ஈரமும் நுண்ணுயிரும் சேர்ந்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. இரவு முழுக்கக் கோழி விடும் மூச்சே ஈரத்தைக் கூட்டுகிறது. மூடிய பெட்டியில் இந்த இரண்டும் தங்கினால் முதலில் கண், அப்புறம் மூச்சுக்குழாய் கெடும். விடிகாலையில் கதவைத் திறந்த உடனே குனிந்து, கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். லேசாக நெடி அடித்தாலும் காற்று போதவில்லை என்று பொருள். சற்று நேரம் நின்றுவிட்டுச் சோதித்தால் பயனில்லை, மூக்கு பழகிவிடும்.

கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் நீளவாக்கில் பிளவு வெட்டி, உள்ளே வலை அடித்தேன். அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே காற்று போக வேண்டும், உடம்பின்மீது வீசக் கூடாது. குளிர் வந்ததும் சாக்கு, அட்டை என்று கிடைத்ததை எல்லாம் வைத்து இந்தப் பிளவுகளை அடைக்க மனம் வரும். வேண்டாம். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல், போர்வையோ இறகாகக் கூடவே இருக்கிறது. உறைகுளிரில் கொண்டை கருகுவதற்குக் குளிரோடு உள்ளே தங்கும் ஈரமும் ஒரு காரணம். கோழிக்கு உண்மையான கஷ்டம் வெயிலில்தான். வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாத கூட்டில் எந்த வசதி இருந்தும் பயனில்லை.

வலைக்கு வருவோம். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் கடித்துக் கிழித்துவிடும், எலி நுழைந்துவிடும். அதை எடுத்துவிட்டு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை போட்டேன். ஆணிக்குப் பதில் வாஷரோடு திருகாணி. அடிப்பக்கத்தில் வலையை ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து, மேலே மண் மூடினால் போதும். தோண்டி வரும் விலங்கு பெரும்பாலும் சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும், வலை தட்டியதும் நின்றுவிடும். தீவனத்தை இரவில் எடுத்து வைத்துவிடுவதால் எலி வருவதும் குறைந்தது.

முட்டைப் பெட்டி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 12 அங்குலச் சதுரம், கொஞ்சம் இருட்டு, நான்கைந்து கோழிக்கு ஒன்று. இரண்டு வைத்திருக்கிறேன். ஐந்தும் ஒன்றுக்குத்தான் வரிசையில் நிற்கின்றன.

நீண்ட காலம் வைத்திருந்தால்தான் தெரியும் தலைவலி, செள்ளு என்னும் பொடி உண்ணி. சிவப்புச் செள்ளு பகலில் கோழிமேல் இருக்காது, மரப் பொருத்துகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கோழியே இல்லாத கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். என் கூட்டின் கூரையில் இருந்த தார்த் தாளின் அடிப்புறம் அதற்கு நல்ல குடியிருப்பு. அதை உரித்துவிட்டு நெளிவுத் தகடு போட்டேன். கட்டையை இரு முனையிலும் கொக்கியில் உட்காரும்படி வைத்திருப்பதால் தூக்கி வெளியே எடுத்துக் கழுவ முடிகிறது. இருட்டிய பிறகு வெள்ளைத் தாளால் கட்டையின் அடியைத் துடைத்துப் பாருங்கள், சிவப்புக் கறை வந்தால் செள்ளு இருக்கிறது.

தானியங்கிக் கதவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெளிச்சம் மங்கியதும் தானே மூடிக்கொள்ளும் வகை என்னிடம் இருக்கிறது. பேட்டரி பலவீனமாகும் காலம் தவிர ஒழுங்காக வேலை செய்கிறது, வாங்கலாம். ஆனால் மூடியபோது எல்லாக் கோழியும் உள்ளே இருந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் இரவு டார்ச்சோடு போய் எண்ணுவதை நான் விடவில்லை.