கட்டியைக் கேட்பதா, பக்கத்துக் கல்லீரலைக் கேட்பதா?

கல்லீரல் புற்றுநோயை அறுவை செய்து எடுத்த பிறகு நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார்? கட்டியின் அளவு, எண்ணிக்கை, கல்லீரல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது, ஆள் எவ்வளவு தெம்பாக இருக்கிறார் என்பதையெல்லாம் வைத்து மருத்துவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். 1999-இல் வெளியான பார்சிலோனா நிலைப் பட்டியல் இன்றும் அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. சிகிச்சையைத் தேர்வு செய்ய அது போதும். ஆனால் ஒரே நிலையில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு ஒரே வருடத்தில் நோய் திரும்புகிறது, இன்னொருவர் பத்து வருடம் நன்றாக இருக்கிறார். இந்த வித்தியாசம் பட்டியலில் தெரியாது. எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது எடுக்கும் நகல்) உருவாகிறது என்று அளந்து அதைச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வாளர்களிடையே போட்டி.

முதல் தரப்பு கட்டியை அளக்கிறது. பிரான்ஸ் நாட்டுக் குழு 2013-இல் வெளியிட்ட ஐந்து மரபணு மதிப்பெண் இதில் எனக்குப் பிடித்தது. அறுவை செய்துகொண்ட 314 பேரின் கட்டிகளிலிருந்து உருவானது. அந்த ஐந்தில் ஒன்றான கே.ஆர்.டி.19 வழக்கமாகப் பித்தநாள செல்களில் இருப்பது. கல்லீரல் கட்டியில் அது தலைகாட்டினால் கட்டி பொல்லாதது என்று வேறு ஆய்வுகளும் சொல்லியிருந்தன. ஐந்தே மரபணு என்பதால் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் தெரிந்துபோன ஆர்.டி.-பி.சி.ஆர். முறையே போதும்.

இரண்டாம் தரப்பு செய்தது கொஞ்சம் விசித்திரமான காரியம். 2008-இல் ஹோஷிதா என்ற ஆய்வாளரின் குழுவினர் ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் வைத்திருந்த பழைய திசுக்களை எடுத்து, சுமார் 6,000 மரபணுக்களை அளந்தார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி ஆய்வுக்கு உடனே உறையவைத்த திசுதான் வேண்டும் என்பார்கள். மெழுகுத் திசுவிலும் செய்யலாம் என்று காட்டியதே பெரிய விஷயம். ஆனால் முடிவு அதைவிட ஆச்சரியம்: கட்டியின் மரபணு அளவுகள் உயிர்பிழைப்பைப் பற்றி எதுவும் உருப்படியாகச் சொல்லவில்லை. கட்டிக்குப் பக்கத்தில் இருந்த, புற்று இல்லாத கல்லீரல்தான் சொன்னது. ஜப்பானிய நோயாளிகள் 82 பேரிடம் 186 மரபணுக்கள் கொண்ட ‘அடையாளத்தை’ (அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்தைச் சொல்லும் தொகுப்பை) கண்டுபிடித்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த 225 பேரிடம் சோதித்தார்கள். அங்கேயும் நின்றது.

அப்படியென்றால் முதல் தரப்பு பொய்யா? இல்லை. அறுவைக்குப் பின் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும் நோய் பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து சிதறிய செல்களின் வேலை. அதற்கு அப்புறம் வருவது பல நேரம் புதுக் கட்டி. வைரஸாலோ குடியாலோ வருடக்கணக்கில் புண்பட்டு இறுகிப்போன கல்லீரல் மறுபடி ஒன்றை உண்டாக்குகிறது. ஹோஷிதாவின் நோயாளிகளில் பலருக்கு ஆரம்பக் கட்டத்துச் சின்னக் கட்டிதான். ஆகவே அவர்கள் விதியைக் கல்லீரல் முடிவு செய்தது. அந்த 186-இல் அழற்சி சார்ந்த மரபணுக்கள் தூக்கலாக இருந்தால் ஆபத்து, கல்லீரலின் அன்றாட வேலைக்கான மரபணுக்கள் தூக்கலாக இருந்தால் நல்லது. 2013-இல் ஹெபடைட்டிஸ் சி-யால் ஆரம்பநிலைச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) வந்த 216 பேரிடமும் இதே அடையாளம் யாருக்குப் பின்னால் ஆபத்து என்று காட்டியது. கட்டி வருவதற்கு முன்பே பேசும் சோதனை என்பதால் என் ஓட்டு இதற்குத்தான். பெரிய கட்டி, ரத்தநாளத்துக்குள் புகுந்த கட்டி என்றால் மட்டும் ஐந்து மரபணு மதிப்பெண்ணை முதலில் பார்ப்பேன்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. டி.சி.ஜி.ஏ. என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏறத்தாழ 370 கல்லீரல் புற்று நோயாளிகளின் தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, கணினியில் ஓட்டி, ‘ஏழு மரபணு அடையாளம்’, ‘ஒன்பது மரபணு அடையாளம்’ என்று வெளியிடும் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. 20,000 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால், தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 5 சதவீதம் வரை இருக்கலாம் என்ற வழக்கமான வரம்பில், சம்பந்தமே இல்லாமல் ஆயிரம் தேறிவிடும். மார்பகப் புற்றில், கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுத் தொகுப்புகள்கூட உயிர்பிழைப்போடு ஒத்துப்போனதை 2011-இலேயே காட்டிவிட்டார்கள். வேறு நாட்டு நோயாளிகளிடம் சோதிக்காத அடையாளத்தை நான் படிப்பதோடு சரி.

சரி, ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் என்ன செய்வது? கட்டித் தரப்பு இங்கே திணறுகிறது. நோய் திரும்பாமலிருக்க அறுவைக்குப் பின் கொடுத்த அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்துக் கூட்டு 2023-இல் நம்பிக்கை தந்தது. கண்காணிப்பு நீண்டபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. கல்லீரல் தரப்புக்குக் கையில் வேலை இருக்கிறது: ஹெபடைட்டிஸ் பி-யை அடக்கலாம், சி-யைக் குணப்படுத்தலாம், குடியை நிறுத்தலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கலாம்.

இரண்டு தரப்புக்கும் பொதுவான தலைவலி திசு. சிரோசிஸ் உள்ளவருக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பார்த்தே பெரும்பாலும் நோயை உறுதி செய்துவிடுவதால், அறுவைக்குப் போகாதவர்களிடம் அளக்கத் துண்டுத் திசுகூட இருப்பதில்லை. அதனால்தான் ஹோஷிதா தரப்பினர் 186 மரபணுக்கள் சொல்வதை ரத்தத்தில் உள்ள சில புரதங்களை வைத்தே கணிக்கப் பார்க்கிறார்கள்.