செட்டிபாளையம் டிராக்குக்கு ஸ்போர்ட்ஸ் கார்: பவரா, பிரேக்கா, முதல் காசு எதற்கு?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் பெருகிவிட்டன. செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரைக்கும் எத்தனை லேன் போட்டிருந்தாலும் அது ஊர் முழுக்கப் போய்வருகிற பொதுச் சாலை. அதில் அந்தக் காரின் முழுத் திறனையும் பார்க்க ஆசைப்படக் கூடாது. அதற்குத்தான் டிராக் டே, அதாவது ரேஸ் டிராக்கில் நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடும் நாள். அங்கே போக முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்ணா, ரீமேப் பண்ணுனா எத்தனை எச்.பி. ஏறுமுங்க?" ரீமேப் என்றால் என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றுவது, எச்.பி. என்பது குதிரைத்திறன்.

கோவையை ஒட்டிய செட்டிபாளையம் டிராக்கில் ஓடப்போகிற காருக்கு எச்.பி. கடைசி வரிசை என்பது என் உறுதியான கருத்து. காரை நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது பிறக்கிற சூட்டை வெளியேற்ற வேண்டும், டயர் தரையை விடாமல் பிடிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் செலவு செய்து முடித்த பிறகும் காசு மிச்சமிருந்தால் ரீமேப் பற்றி யோசிக்கலாம்.

பேச்சுக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: போர்ஷே 718 கேமன் ஜி.டி.எஸ். 4.0. நடுவில் ஆறு சிலிண்டர் என்ஜின், 400 பி.எஸ். (எச்.பி. போன்ற பவர் அளவு), எடை சுமார் 1,400 கிலோ. பி.எம்.டபிள்யூ. எம்2 வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். அது இன்னும் கனமான கார் என்பதால் கூடுதலாகவே பொருந்தும்.

பவரா, பிரேக்கா?

செட்டிபாளையம் டிராக்கின் முழுப் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அது 2003-இல் திறக்கப்பட்டது. 1995-இல் விமான விபத்தில் இறந்த எஸ். கரிவர்தனின் பெயர் அதற்கு. மாருதி என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா கார் கட்டி, இந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே ரேஸிங் கதவைத் திறந்துவிட்ட மனிதர் அவர். அவர் பெயரிலான டிராக்கில் ஓட்டக் கிடைப்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர். அங்கே நீளமான ஓட்டங்களில் பிரேக்குக்குக் காற்று வாங்க நேரம் கிடைக்கும். இங்கே ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடும் பெட்ரோலோடும் 1,500 கிலோ எடையுள்ள கார், 160 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்குகிறது. அப்போது அது விடுகிற ஆற்றல் சுமார் 12.7 லட்சம் ஜூல். நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். வீட்டு அடுப்பில் அதற்குக் கால் மணி நேரம் போல ஆகும். இங்கே சில வினாடிகளில் முடிகிறது. காற்றுத் தடையில் கொஞ்சம் போனாலும் பெரும்பங்கு சக்கரத்தோடு சுழலும் நாலு பிரேக் தட்டில், அதாவது டிஸ்கில்தான் இறங்கும். பிறகு அடுத்த வளைவில் இன்னொரு தடவை, அடுத்த சுற்றில் மறுபடியும்.

இப்போது ரீமேப் பண்ணி 40 எச்.பி. ஏற்றினால் என்ன நடக்கும்? நேர் ஓட்டம் குறுகியது என்பதால் அதன் முடிவில் வேகம் கொஞ்சம்தான் கூடும். அந்தக் கூடுதல் வேகத்தையும் அதே பிரேக்தான் தின்ன வேண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு என்பதால், சிறிய வேக உயர்வுகூடப் பெரிய சூடாக வந்து நிற்கும். அதோடு என்ஜினின் சூடும் ஏறும். கோவையில் சித்திரை வெயில் 36, 37 டிகிரி. ஈரோடு, கரூரில் அதைவிட அதிகம். 2 லிட்டர் டர்போ என்ஜின் உள்ள காரில் என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிவிட்டால், காசு கொடுத்து ஏற்றிய பவரைக் கம்ப்யூட்டரே திரும்பக் குறைத்துவிடும். கம்பெனி வாரண்டியும் சிக்கலாகும். ஆகவே ரீமேப் வேண்டாம். புது என்ஜின் ஆயில், சுத்தமான ரேடியேட்டர், 95 ஆக்டேன் பெட்ரோல் இவை போதும். கேமனின் முன் பம்பர் ஓட்டைகளில் இலையும் குப்பையும் சேர்ந்து ரேடியேட்டரை மூடிக்கொள்ளும். அதை எடுத்துச் சுத்தம் பண்ணுவது பல ஆயிரம் ரூபாய் பாகங்களைவிட அதிகம் உதவும்.

பிரேக் ஆயில்: சாதா டாட் 4-ஆ, ரேஸ் ஆயிலா?

இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. சாதா டாட் 4 தர பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்தத் தரம் குறைந்தபட்சமாகக் கேட்பது வெறும் 155 டிகிரிதான். மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 போன்ற ரேஸ் ஆயில் புதுசில் 300-ஐத் தாண்டும், ஈரம் சேர்ந்தாலும் 200 சுமாருக்கு நிற்கும். காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப். புதுசில் அதே அளவு. ஆனால் ஈரம் சேர்ந்த பிறகும் 270 வரை தாங்குவதுதான் அதன் பெருமை. விலை பல மடங்கு.

டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்காது. டிராக்கில் நடக்கக்கூடியவற்றில் இதைவிடப் பயங்கரமானது குறைவு. இதைத் தடுக்க ஆகும் செலவோ சில ஆயிரம் ரூபாயும் அரை நாள் பட்டறை வேலையும்தான்.

வருஷத்துக்கு நாலைந்து முறை போகிறவர் ஆர்.பி.எஃப். ஊற்றி, அடிக்கடி பிளீட் பண்ணி (குழாயிலிருந்து காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றி), வருஷம் ஒருமுறை முழுதாக மாற்றினால் போதும். மாற்றுவதில் சோம்பல்படுகிறவர், மழைக்காலம் முழுக்க காரை வாசலில் நிறுத்துகிறவர் எஸ்.ஆர்.எஃப். வாங்குவது நல்லது. சிலிகான் வகையான டாட் 5-ஐ மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஊற்றாதீர்கள், 5.1 வேறு, அது வேறு.

பேட்

பேட் என்பது டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. கம்பெனி பேட் சத்தம் போடாது, குளிர்ந்திருக்கும்போதே பிடிக்கும், டிராக்கில் சூடேறியதும் வழுக்கும். பஜிட் மஞ்சள் போன்ற ரேஸ் பேட் நேர்மாறு: சூட்டில் சுற்றுக்குச் சுற்று ஒரே பிடி, ரோட்டில் காலையில் முதல் அழுத்தத்துக்கு மந்தம், ஆர்.எஸ்.புரம் சிக்னல் வரை கீச்சென்ற சத்தம். நடுவில் ஃபெரோடோ டி.எஸ். 2500 இருக்கிறது. காரை ஓட்டிக்கொண்டே டிராக்குக்கு வந்து அதிலேயே வீடு திரும்புகிறவருக்கு என் தேர்வு இதுதான். பாதிக்குக் கீழே தேய்ந்த பேடோடு டிராக்குக்கு வராதீர்கள். பேட் மெலியும்போது டிஸ்கின் சூடு நேராக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும்.

டிஸ்க்: வார்ப்பிரும்பா, கார்பன் செராமிக்கா?

டிராக்கில் கார்களை நிறுத்தும் இடமான பேடாக்கில் அதிகம் வாக்குவாதம் நடப்பது இதில்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

செராமிக் டிஸ்க் இரும்பில் சுமார் பாதி எடை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைவதால் மேடுபள்ளத்தில் சக்கரம் லேசாகத் துள்ளி உடனே தரையைத் தொடும். ஸ்டீயரிங்கிலேயே அது தெரியும். துரு பிடிக்காது. சூட்டுக்கு வளையாது. ரோட்டில் மட்டும் ஓடினால் காரின் ஆயுள் முழுக்க வரக்கூடியது. போர்ஷேயில் அதோடு வரும் மஞ்சள் கேலிப்பரின் அழகையும் மறுப்பதற்கில்லை.

டிராக்கில் கதை மாறுகிறது. மறுபடி மறுபடி உச்சச் சூட்டுக்குப் போகும்போது மேற்பரப்பில் உள்ள கார்பன் இழைகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிகின்றன. தடிமன் அதிகம் குறையாமலேயே டிஸ்க் எடை குறைந்துகொண்டு வரும். அதனால்தான் குறைந்தபட்ச எடையை டிஸ்கிலேயே பொறித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். நாலு டிஸ்கும் மாற்றினால் செலவு பல லட்சம். சக்கரத்தைக் கழற்றும்போது அலட்சியமாக இடித்தால் ஓரம் உடையவும் செய்யும். ஏதோ ஒரு பங்க்சர் கடையில் அவசரத்துக்குச் சக்கரத்தைக் கழற்றுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

வார்ப்பிரும்பு டிஸ்க் கனம். துரு பிடிக்கும். கடுமையாக ஓட்டினால், குறிப்பாக ஓட்டை போட்ட டிஸ்கில், ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு மயிரிழை விரிசல் ஓடும். ஆனால் அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியும், நகத்தில் தட்டுப்படும். ஓரத்தைத் தொடும் முன்பே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம். செராமிக் விலையில் அது ஒரு சிறு பங்கு. கோவையில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பம்ப் செட்டுக்கு கிரே அயர்ன் வார்க்கிற ஃபவுண்டரிகள் நிறைந்த ஊர் இது. அந்த இரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள்தான் சூட்டை வேகமாகக் கடத்துகின்றன என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தொழிலறிவு. அதே தொழிலறிவை நம்பித் தேய்ந்த டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சீவி டிராக்குக்குக் கொண்டுவர வேண்டாம். டிஸ்கின் கனம்தான் சூட்டை வாங்கி வைக்கிறது. சீவினால் அது குறைகிறது.

என் தீர்ப்பு இரும்புக்கே. புதுசாக கார் ஆர்டர் பண்ணுகிறவர் டிராக்கை மனத்தில் வைத்திருந்தால் செராமிக்குக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடியுங்கள். அந்தப் பணத்தில் பல வருஷத்துக்கான பேடும் டயரும் வரும். ஏற்கெனவே செராமிக்கோடு வந்த காரா? கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவு இரும்பு டிஸ்கும் அதற்கேற்ற பேடும் போட்டுக்கொள்ளுங்கள். விற்கும்போது செராமிக்கைத் திரும்பப் பூட்டலாம். வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் பாதி வேகத்தில் சுற்றிவிட்டு வருகிறவர் மட்டும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எந்த டிஸ்காக இருந்தாலும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூட்டை இறக்குங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டயர்

மிச்லின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், பைலட் ஸ்போர்ட் கப் 2. பக்கவாட்டில் பொறித்திருக்கும் தேய்மான எண் முதலாவதற்கு 300, இரண்டாவதற்கு 180. எண் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும். காய்ந்த தரையில், சூடேறிய பிறகு கப் 2-இன் பிடி வேறு தரம். ஆனால் நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் தேங்கிய தண்ணீரில் கப் 2 தடுமாறும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு நான் 4 எஸ்-ஐத்தான் சொல்வேன். பிடி விடுவதற்கு முன்பே கீச்சிட்டு எச்சரிக்கும், மெதுவாக விடும். கப் 2 நிறையப் பிடிக்கும், விடும்போது வேகம் அதிகமாக இருக்கும். அதைத் திருத்தக் கை பழகியிருக்க வேண்டும்.

எந்த டயரானாலும் காற்றழுத்தத்தைக் காலையில் பார்த்ததோடு விடக் கூடாது. ஓடி வந்த உடனே, சூடாக இருக்கும்போதே அளந்து, ஏறியதை இறக்க வேண்டும். மார்கழிக் காலை ஏழு மணி அழுத்தமும் பதினொரு மணி அழுத்தமும் ஒன்றல்ல. வீடு திரும்பும் முன் மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கேஜும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் இருந்தால் போதும்.

காயில்ஓவரா, அலைன்மென்டா?

உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பான காயில்ஓவர் போட்டு காரைத் தாழ்த்த நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். செட்டிபாளையம் வரும் வழியிலேயே எத்தனை வேகத்தடை? கம்பெனி டாம்பரே (ஷாக் அப்சார்பர்) போர்ஷேயில் நன்றாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீல் அலைன்மென்டில் முன் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்வது) கூட்டுங்கள். ரோட்டுக்கு ஒரு டிகிரிக்குள் வைப்பார்கள். டிராக்குக்கு இரண்டு, இரண்டரை வரை நல்லது. கம்பெனி அமைப்பில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவாவது எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து பாழாவது குறையும், முன்பக்கம் நன்றாகத் திரும்பும்.

உள்ளே

உடம்பு நகராமல் பிடிக்கும் ஃபுல் பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட் போட ஆசைப்பட்டால் பின்னால் ரோல் பாரும் (கார் புரண்டால் கூரையைத் தாங்கும் இரும்பு வளைவு) வேண்டும். கூரை நசுங்கினால் சாதா பெல்ட்டில் உடம்பு சாயும். ஆறு முனை பெல்ட் நிமிர்த்தியே பிடித்து வைக்கும். பாதி ஏற்பாட்டைவிடக் கம்பெனி பெல்ட் பாதுகாப்பு. ஹெல்மெட்டில் பைக் ஹெல்மெட்டை ஏற்கும் டிராக் டேக்களும் உண்டு. ஆனால் கார் ரேஸ் ஹெல்மெட்டுக்கான ஸ்னெல் எஸ்.ஏ. சான்று பெற்றதில் உள்துணி தீயைத் தாங்கும். அதையே வாங்குங்கள்.

இந்தக் காரா, இன்னொரு காரா?

எல்லாம் சொன்ன பிறகு எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது: இத்தனை விலை உயர்ந்த காரை எதற்கு டிராக்கில் தேய்க்க வேண்டும்? பழைய போலோவோ ஸ்விஃப்டோ வாங்கி, சீட்டெல்லாம் பிடுங்கி, உள்ளே இரும்புப் பாதுகாப்புக் கூண்டு போட்டு, லாரியில் ஏற்றி வந்து ஓட்டலாமே? கற்றுக்கொள்வதற்கு அது சிறந்த வழி. பவர் குறைந்த காரில் பிழை உடனே தெரியும், டயர் மலிவு, தடுப்பில் இடித்தாலும் வீட்டில் பூகம்பம் வராது. ஓட்டக் கற்றுக்கொள்ளவே வருகிற இளைஞருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் கேமன் வைத்திருக்கிறவர் ஆசைப்படுவது அந்த என்ஜின் சத்தத்தையும் அந்தச் சமநிலையையும்தான். அதை போலோ தராது.

முடிவெடுக்கும் முன் இரண்டு தாள்களைப் படியுங்கள். நம் நாட்டு வழக்கமான மோட்டார் பாலிசி ரேஸையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கும். டிராக்கில் அடிபட்டால் செலவு நம்முடையது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அடுத்தது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றிப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். பேடும் பிரேக் ஆயிலும் அலைன்மென்டும் இதில் சிக்காது. கூண்டும் சத்தமான சைலன்ஸரும் சிக்கும். அப்படிக் கட்டிய காரை ஈரோட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ கொண்டுவர ஃபிளாட்பெட் லாரி பிடிக்க வேண்டியிருக்கும். அந்த வாடகையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.