காசியில் வாடகைக் கார்: எதற்கு எடுக்கலாம், எதற்கு வேண்டாம்

காசி ஊருக்குள் சுற்ற நாள் வாடகைக்குக் கார் எடுப்பது வீண் செலவு. விஸ்வநாதர் கோயிலும் தசாஸ்வமேத கட்டமும் (கங்கைப் படித்துறை) இருக்கும் கொதோலியா பக்கம் கார் போகாது, முன்னாலேயே தடுப்பு வைத்து நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து நடைதான், மற்ற கட்டங்களுக்குப் படகே வசதி.

ஆனால் விமான நிலையம் பாபத்பூரில், ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பெரியவர்களோடும் பெட்டிகளோடும் வருகிறவர்களுக்குக் கார் அவசியம். சாரநாத்துக்கும், அப்புறம் பிரயாக்ராஜ், கயாவுக்கும் நாங்கள் எடுத்த வண்டி உண்மையிலேயே அருமை. டிரைவர் நிதானமாக ஓட்டினார், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும் கேட்காமலேயே அடிக்கடி நிறுத்தினார், அந்த மனசுக்கே தனியாகப் பணம் கொடுத்தோம். கயா ஒரு வழிக்கே சுமார் 250 கிலோமீட்டர், பிண்டம் வைத்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள், டிரைவருக்கும் தூக்கம் வேண்டுமே!

ஒரே மனக்கசப்பு, வண்டி பேசிவிட்ட ஏஜென்ட். எல்லாம் சேர்த்துத்தான் என்று சொன்ன தொகைக்கு மேல் கடைசியில் டோல், பார்க்கிங், பீகாருக்குள் நுழைய பெர்மிட், டிரைவர் பேட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆகவே இவை நான்கும் வாடகையில் சேருமா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். பட்டுச் சேலைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.