ஆனர்ஸ் படிப்பில் செமினாரா, சிறப்புப் பிரிவா, ஒப்பந்தமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், ஆர்வமும் திறனும் மிக்க மாணவர் கூடுதல் ஆழத்தோடு படிப்பதற்கான ஆனர்ஸ் திட்டங்களில் சேருபவருக்கு, தேவையான கிரெடிட்டுகளை, அதாவது பாடங்களை முடிப்பதற்குக் கிடைக்கும் அலகுகளைச் சேர்க்கப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, சிலர் மட்டுமே மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதிக்கும் செமினார். மற்றொன்று, வழக்கமான பாடத்தையே ஆனர்ஸ் மாணவருக்கெனத் தனி வகுப்பாக நடத்தும் சிறப்புப் பிரிவு. மூன்றாவது ஆனர்ஸ் ஒப்பந்தம்: மாணவர் பொது வகுப்பிலேயே இருந்துகொண்டு, பேராசிரியருடன் எழுத்தில் உடன்பட்ட கூடுதல் பணியை முடித்துக் கொடுப்பார். கிரெடிட் கணக்கில் இவை நிகரானவை போலத் தோன்றினாலும், மாணவரிடம் இவை வேண்டும் உழைப்பு ஒரே வகையானதன்று.

சிறப்புப் பிரிவைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. கணிதம், இயற்பியல் போன்ற துறைகளில் அது மிகுந்த பயன் தரும். நுண்கணிதத்தைக் கணக்குப் போடும் முறையாக மட்டும் சொல்லித் தராமல், எல்லை என்ற கருத்தை வரையறையிலிருந்தே நிறுவச் சொல்லும் வகுப்பு, அத்துறையில் மேலே செல்பவருக்கு உறுதியான அடித்தளம். ஆனால் அங்கும் ஆசிரியர் விளக்க மாணவர் கேட்கும் ஏற்பாடு பெரிதும் மாறுவதில்லை.

செமினார் அந்த ஏற்பாட்டையே மாற்றுகிறது. கோட்டிங்கன், ஹாலே போன்ற ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் 18ஆம் நூற்றாண்டில் மொழிநூல் பயில்வோருக்காக வளர்ந்த இந்த முறை, 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வழியே அமெரிக்காவில் வலுப்பெற்றது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று திரும்பிய ஃபிராங்க் எய்டலாட், ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவராக 1922இல் ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, செமினாரை அதன் மையத்தில் வைத்ததோடு, மாணவரை மதிப்பிட வெளியிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தார். இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மதிப்பிடுபவர் வேறொருவர் என்றாகும்போது, கற்பித்தவரும் கற்றவரும் ஒரே பக்கம் நின்று உழைக்க முடிகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் ஆனர்ஸ் கல்லூரி, எத்துறை மாணவரானாலும் முதலாண்டில் இரண்டு பருவங்கள் 'தி ஹ்யூமன் ஈவென்ட்' என்ற செமினாரைப் படிக்கச் செய்கிறது. பொறியியல் படிப்பவரும் இசை படிப்பவரும் ஒரே நூலை வாசித்துவிட்டு எதிரெதிரே அமரும்போது, தம் துறையில் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை இருவருக்கும் வருகிறது.

ஒப்பந்தம் பிறந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. கட்டாயப் பாடங்களாலும் ஆய்வகங்களாலும் கால அட்டவணை நிரம்பிவிட்ட மாணவருக்குச் செமினாருக்கு இடமே கிடைக்காமல் போகலாம். ஆனால் இதன் தரம் முழுவதும் ஒரே மனிதரின் அக்கறையைப் பொறுத்தது. பேராசிரியரிடம் உண்மையிலேயே விடை தேடும் கேள்வி ஒன்று இருந்து, அதில் ஒரு பகுதியை அவர் மாணவரிடம் ஒப்படைத்தால், ஒப்பந்தம் எந்தச் செமினாருக்கும் குறைந்ததாகாது. அப்படி இல்லாதபோது, அது பருவக் கடைசியில் அவசரமாக எழுதப்படும் இன்னொரு கட்டுரையாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கையொப்பமிடும் முன், இருவரும் எத்தனை முறை சந்திப்பார்கள், முதல் வரைவுக்கு எப்போது கருத்துரை கிடைக்கும் என்ற இரண்டையும் தேதியோடு எழுதச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்குபவரிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளாதிருப்பதே நல்லது.

வரிசையைக் கேட்டால், முதல் இரண்டு ஆண்டுகளில் செமினார், மூன்றாம் ஆண்டில் ஒப்பந்தம் என்பேன். பல திட்டங்கள் இறுதியாண்டில் ஆய்வேடு கேட்கின்றன. பாட அறிவு போதுமான அளவு இருந்தும், ஒரு கேள்வியை மாதக்கணக்கில் விடாமல் பற்றிக்கொள்ளும் பழக்கம் இல்லாததால் மாணவர் அங்கே தடுமாறுகிறார். செமினாரில் வாராவாரம் தம் கருத்தை மற்றவர் முன் காத்துப் பழகியவருக்கு அந்தப் பழக்கம் முன்னரே தொடங்கியிருக்கும். நெறியாளராக வரக்கூடிய பேராசிரியருடன் மூன்றாம் ஆண்டில் செய்யும் ஒப்பந்தம், ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாகவே வளரலாம்.

கூட்டத்தில் பேசக் கூசும் மாணவர் செமினாரை அஞ்சி ஒதுக்குவதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பாடத்திட்டத்தில் பங்கேற்பு மதிப்பெண் எப்படி வழங்கப்படுகிறது என்று முதலில் பார்க்கட்டும். வகுப்புக்கு முந்தைய நாள் எழுதி அனுப்பும் குறிப்பையும் பங்கேற்பாகக் கொள்ளும் ஆசிரியரானால், அந்தக் குறிப்பிலிருந்தே மறுநாள் விவாதம் தொடங்கும் வாய்ப்புண்டு. பேச வேண்டிய முதல் வாக்கியம் அவர்கள் கையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.